செய்யாத தப்புக்கு ஒரு மனு

நான் ஒன்றுக்குப் போனதை இரண்டு ஆபீசர்கள் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். பார்த்ததோடு விடவில்லை. அதை இரண்டு பாட்டிலில் ஊற்றி, அரக்கு உருக்கி சீல் வைத்து, என்னிடம் கையெழுத்தும் வாங்கி, டெல்லிக்கு அனுப்பினார்கள். எங்கள் காலனியில் பிறந்து அந்த மரியாதையை அடைந்தவன் நான் ஒருவன்தான்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஊர் உத்திரமேரூர் பக்கம். ஒன்பதாம் வகுப்பில் இரண்டு வருஷம் உட்கார்ந்து பார்த்தேன், மூன்றாவது வருஷம் வாத்தியாரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஏரி வற்றும் மாதங்களில் அதன் நடுவில் வெறுங்காலோடு பந்து உதைத்தது மட்டும்தான் ஒழுங்காகப் படித்த படிப்பு. அந்தப் படிப்புக்கு மெட்ராஸில் ஒரு தொழிற்சாலை வேலை கொடுத்தது. பேருக்கு ஹெல்பர். மிஷின் பக்கம் போனால் போர்மேன் விரட்டுவார். "கால் மேல ஏதாச்சும் வுழுந்துச்சின்னா மேனேஜர் என் கழுத்த புடிப்பாரு, போய் ஓடுடா" என்பார். லீக்கில் எங்கள் டீமுக்கு ரைட் விங்கில் ஓடுவதுதான் என் வேலை. அதற்குத்தான் சம்பளம்.

வேலை டெம்பரவரி. அந்த சீசனை முழுசாக ஆடி முடித்தால் சித்திரையில் பர்மனென்ட் லிஸ்டில் பேர் வரும் என்று டீம் மேனேஜர் சொல்லியிருந்தார். எங்கள் நைனா அதற்குள் காலனி முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். அவர் அடுத்தவர் நிலத்தில் வேலை செய்தே வயதானவர். பர்மனென்ட் என்ற வார்த்தையை அவரால் சரியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு நாளைக்குப் பத்து தடவை சொல்வார்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. மார்கழியில் பனி இறங்கினால் நெஞ்சுக்குள் யாரோ கிழிந்த துருத்தியை ஊதுவது போல இருக்கும். உத்திரமேரூர் கடைத்தெருவில் ஒரு கம்பவுண்டர் இருந்தார். அவர் வேலை பார்த்த டாக்டர் செத்துப்போய் மூன்று வருஷம் ஆகியும் டாக்டர் பேர் போட்ட போர்டை வைத்துக்கொண்டு அவரே வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். நைனா அவரிடம் போய் இழுப்பு மாத்திரை வாங்கி வருவார். சின்னச் சின்ன வெள்ளை மாத்திரை, நியூஸ் பேப்பர் துண்டில் மடித்தது. பேர் கிடையாது, சீட்டு கிடையாது. லீவுக்கு நான் ஊருக்கு வந்தால் அந்தப் பொட்டலத்தை என் சட்டைப் பையில் வைத்து, மேலே ஒரு தட்டு தட்டி அனுப்புவார்.

அந்த மார்கழியில் ஒரு கோப்பைப் போட்டியின் அரையிறுதி. காலையில் மூச்சு இழுத்தது. இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டு போய் ஆடினேன். டெல்லியில் பெரிய விளையாட்டு விழா ஒன்று நடந்து முடிந்த பிறகு வந்த புதுப் பழக்கம் இது: மேட்ச் முடிந்ததும் பாட்டிலோடு ஆட்கள் வந்தார்கள். தொப்பியில் சீட்டு போட்டுக் குலுக்கினார்கள். என் நம்பர் வந்தது. அன்றைக்கு நான் அடித்த ஒரே நல்ல பந்து போஸ்டில் பட்டு வெளியே போயிருந்தது. ஊக்க மருந்து சாப்பிட்டவன் குறைந்தபட்சம் ஒரு கோலாவது போட்டிருக்க வேண்டாமா?

பாட்டில் ஆபீசர் ஒரு பாரத்தை வைத்துக்கொண்டு கேட்டார். "ஏதாவது மருந்து மாத்திரை சாப்பிடறியா?"

"பழைய சோறு சார். கூட ஒரு வெங்காயம்."

அவர் சிரிக்கவில்லை. பாரத்தில் எதையோ எழுதினார். ஒன்றுமில்லை என்று எழுதினார் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. இழுப்பு மாத்திரை எனக்கு மருந்து என்றே தோன்றவில்லை. அது நைனா கொடுப்பது.

கடிதம் வர ஒன்றரை மாதம் ஆனது. டீம் மேனேஜர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அதுவரை அவர் என்னை உட்காரச் சொன்னதே இல்லை. அப்போதே ஏதோ கெட்டது என்று தெரிந்துவிட்டது.

"ரெண்டு வருஷம் ஆடக் கூடாதுன்னு போட்டுட்டானுங்க. என்னடா சாப்ட்ட?"

"இழுப்பு மாத்திரை சார்."

"அத அன்னிக்கே பாரத்துல சொல்லித் தொலைக்கறதுக்கு என்னடா?"

"பழைய சோறுன்னு சொன்னேன் சார்."

அவரும் சிரிக்கவில்லை. கடிதத்தை மடித்து மேஜை மேல் வைத்தார். "நல்லா கேட்டுக்கோ. பதினஞ்சு நாளுக்குள்ள அப்பீல் போடணும். டாக்டர் சீட்டு வச்சி, எனக்கு இழுப்பு இருக்கு, அதுக்கு சாப்ட்ட மாத்திரை இது, ஆட்டத்துக்காக சாப்புடலன்னு எழுது. வேற ஒரு வரி எழுதாத. தண்டனைய மொத்தமா எடுத்தாதான் உன் பேர நான் லிஸ்டுல வைக்க முடியும். ரெண்டு வருஷத்த ஒரு வருஷமா கொறச்சாலும் உனக்கு ஒண்ணுதான். இந்த சீசன் ஆடாதவனுக்கு வேலை கெடையாது. புரியுதா?"

"புரிது சார்."

புரிந்தது. ஆனால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பயம் வரவில்லை, அழுகை வரவில்லை. பல்லுக்கு ஊசி போட்ட பிறகு உதட்டைத் தொட்டால் யாருடைய உதடோ போல இருக்குமே, அப்படித்தான் இருந்தது. கேண்டீனில் போய் நாஷ்டா சாப்பிட்டுவிட்டு ஊருக்கு பஸ் ஏறினேன்.

கம்பவுண்டரிடம் நானே போனேன்.

"சீட்டா?" என்றார். "நான் எந்தக் காலத்துல சீட்டு எழுதிக் குடுத்தேன்?"

"டாக்டர் பேர்ல ஒண்ணு எழுதிக் குடுண்ணா."

"அவரு செத்து மூணு வருசம் ஆவுது."

"அவரு கையெழுத்து உனக்கு அத்துப்படிதான? அவரு உயிரோட கீறச்சயே நீதான போட்டுக்கினு இருந்த."

"தமாசு பண்ணாத. மெட்ராஸ்லேர்ந்து ஆபீசருங்க வந்து நீ யாரு மாத்திரை குடுக்கறதுக்குன்னு கேட்டா நான் இன்னா சொல்றது? இத பாரு, என் பேரு எங்கியாச்சும் வந்துச்சி, நாளையிலேர்ந்து உங்க காலனிக்கு காச்சலுக்குக் கூட ஒரு மாத்திரை கெடையாது. உங்க நைனா கிட்டயும் சொல்லி வை."

சொல்லி வைத்தேன். நைனா கேட்டுவிட்டு வெகுநேரம் தலையை ஆட்டினார். "அவுரு சொல்றது நாயந்தான். அவுர இஸ்த்து வுடக் கூடாது. சின்னப் புள்ளிங்க கீற எடம்" என்றார். பிறகு, "மனு எழுதறவரு கீறாரே, இன்னாத்துக்குக் கவல?" என்றார்.

ரிஜிஸ்டர் ஆபீஸ் எதிரில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பத்திரமும் மனுவும் எழுதுகிறவர் அவர். பரீட்சை அட்டையைத் தொடை மேல் வைத்துக்கொண்டு, கண்ணாடியை மூக்கு நுனியில் நிறுத்தி எழுதுவார். அவர் எழுதிய மனுவால்தான் எங்கள் காலனிக்கு ஒரு லைட் கம்பம் வந்தது. அதில் லைட் எரிந்ததில்லை. ஆனால் கம்பம் வந்தது. அதனால் நைனாவுக்கு அவர் மேல் பெரிய நம்பிக்கை.

முழுக்கதையையும் கேட்டுவிட்டு அவர் பேனா மூடியைக் கழற்றினார். "சரி. தப்பு இன்னா?"

"தப்பே இல்லிங்க. அதத்தான் எழுதணும்."

"தப்பு இல்லன்னு ஒரு மனு நான் இதுவரைக்கும் எழுதனதில்ல தம்பி."

"இப்ப எழுதுங்களேன். புதுசா கீட்டும்."

அவர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "நீ தப்பு பண்லன்னா அப்ப பண்ணது யாரு? ரெண்டு வருசம்னு போட்ட ஆபீசரு. நீங்க தப்பு பண்ட்டீங்கன்னு அவருக்கே எழுதிப் போட்டா இன்னா பண்ணுவாரு? கூப்ட்டு காபி குடுப்பாரா? தப்ப நம்ம தலையில தூக்கி வச்சிக்கினாதான் அவருக்கு மன்னிக்கறதுக்கு ஒரு வழி கெடைக்கும். மன்னிச்சாதான அவருக்கும் பெரும?"

"அத்தான் சரி" என்றார் நைனா.

"நைனா, மேனேஜரு வேற மாரி எழுதச் சொன்னாரு."

"அவுரு பேன்ட் போட்ட மனுசன். அவுரு நின்னுக்கினு நாயம் பேசனா எடுபடும். நம்ம பேசனா எடுபடுமா?"

இழுப்புக்கு வேறு எந்த டாக்டரிடமும் நான் போனதே இல்லை. டாக்டர் சீட்டு இல்லாமல் மேனேஜர் சொன்ன மாதிரி எழுதவும் வழியில்லை. பதினைந்து நாளில் பதினொன்று போயிருந்தது. எழுதுகிறவர் எழுத ஆரம்பித்தார். எழுதும்போதே வாய்விட்டுப் படித்தார். ஏழைக் கூலியின் மகனாகிய அடியேன், ஆட்டத்தில் பேர் வாங்க வேண்டும் என்ற பேராசையால், அறிவிழந்து, ஊக்க மருந்தை உட்கொண்டது உண்மை. இனி என் ஆயுளில் இப்படிப்பட்ட ஈனச் செயலைச் செய்ய மாட்டேன். சமூகம் ஐயா அவர்கள் பெரிய மனது பண்ணி...

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இன்னும் ஒண்ணு போடுங்க. வேல போனா குடும்பத்தோட ஏரியில வுழறத தவுர வேற வழி இல்லன்னு."

விளையாட்டுக்குத்தான் சொன்னேன். அவர் அதை அப்படியே எழுதினார்.

"யோவ், ஏரியில முட்டிக்கால் தண்ணி கூட கெடையாது. எப்பிடி வுழறது?"

"அது மெட்ராஸ்ல குந்திக்கினு கீறவனுக்கு எப்பிடித் தெரியும்?" என்றார் அவர். நைனாகூடச் சிரித்தார். கடைசியில் அவர் நைனாவின் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "கூப்ட்டு விசாரிப்பாங்க. இன்னா கேட்டாலும் மனுவுல கீறதுதான் பேசணும். ஒரு வார்த்த மாத்திப் பேசனாலும் மனு அங்கியே செத்துப்புடும். ஞாபகம் வச்சிக்க."

நான் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். பேப்பரில் எழுதியதை எவன் படிக்கப்போகிறான், நேரில் கூப்பிட்டால் வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. என் வாய்மேல் எனக்கு அப்படி ஒரு நம்பிக்கை. அதைத் தவிர என்னிடம் வேறு என்ன இருந்தது?

விசாரணைக்கு மெட்ராஸுக்குக் கூப்பிட்டார்கள். நைனா தானும் வருவேன் என்று கிளம்பினார். காலை முதல் பஸ்ஸில் செங்கல்பட்டு வழியாகப் போனோம். வழியெல்லாம் அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. சாமி கும்பிடுகிறார் என்று நினைத்தேன்.

மைதானத்து கேலரிக்கு அடியில் ஒரு அறை. மேலே படிக்கட்டு போவதால் கூரை ஒரு பக்கம் சரிந்திருந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்தவர் முன்பு ஜட்ஜாக இருந்தவர் என்றார்கள். அவருக்கு வலது பக்கம் ஒரு டாக்டர். இன்னொருவர் எழுதிக்கொண்டே இருந்தார், கடைசி வரை தலையை நிமிர்த்தவில்லை. நைனாவை வெளியே வராந்தாவில் நிறுத்திவிட்டார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் அவர் கும்பிடுவது தெரிந்தது. டீ கொண்டுவந்த ஆளையும் கும்பிட்டார்.

நடுவில் இருந்தவர் மனுவைத் தூக்கிக் காட்டினார். "இது உன் கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

"பேராசையால் மருந்து சாப்பிட்டேன் என்று எழுதியிருக்கிறாய்."

"அது மனு சார்."

"மனுதான். அதைத்தான் கேட்கிறேன். உண்மையா, இல்லையா?"

"இல்ல சார். எனக்கு இழுப்பு சார். அதுக்கு சாப்ட்டது."

"அப்படியானால் பொய் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாயா?"

எங்கள் பக்கம் மனு என்றால் இப்படித்தான் இருக்கும். காலில் விழும்போது யாரும் உண்மையையா பேசுகிறார்கள்? இதைச் சொல்லத் தெரிந்திருந்தால் நான் ஒன்பதாவது பாஸ் செய்திருப்பேன்.

"ஏரியில் விழப்போவதாக வேறு எழுதியிருக்கிறாய்."

"தண்ணி இல்ல சார்" என்றேன்.

டாக்டர் வாய்க்குள் சிரித்தார். மனுவைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். "இழுப்பு எப்பலேர்ந்து இருக்கு?"

"சின்ன வயசுலேர்ந்து சார்."

"மாத்திரை எப்படி இருக்கும்?"

சொன்னேன். அளவு சொன்னேன், நிறம் சொன்னேன். நாக்கில் வைத்தால் கசக்கும் என்றேன். போட்டுக்கொண்டால் கை லேசாக நடுங்கும், மூச்சு வந்துவிடும், அன்றைக்குத் தூக்கம் மட்டும் வராது என்றேன். டாக்டர் நடுவில் இருந்தவரிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "இது இழுப்புக்குக் குடுக்கற மாத்திரைதான். பாட்டில்ல வந்ததும் அதேதான். அன்னிக்கு ஏன் சொல்லல?" என்றார்.

"தெரில சார்."

"யார் எழுதிக் குடுத்தாங்க?"

கம்பவுண்டர் முகம் வந்தது. "சீட்டு இல்ல சார். கடையில வாங்கறது. எங்க நைனாதான் வாங்கியாந்து குடுப்பாரு."

"எத்தனை வருஷமா?"

"நான் சின்னப் புள்ளையா கீறச்சலேர்ந்து சார். அவரு வெளியதான் நிக்கறாரு. வேணும்னா கூப்ட்டுக் கேளுங்க சார்."

நடுவில் இருந்தவர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் தலையசைத்தார். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அந்த நிமிஷத்தில் நெஞ்சுக்குள் ஏதோ கொஞ்சம் இளகியது. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். கடிதம் வந்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக உடம்பில் ரத்தம் ஓடுவது தெரிந்தது.

நைனா உள்ளே வந்தார். செருப்பை வெளியிலேயே விட்டிருந்தார். தோளில் இருந்த துண்டு இடுப்புக்கு வந்திருந்தது. மூன்று பேரையும் தனித்தனியாகக் கும்பிட்டார்.

டாக்டர் மெதுவாகத்தான் கேட்டார். மிரட்டவில்லை. "பெரியவரே, பயப்படாம சொல்லுங்க. உங்க பையனுக்கு இழுப்பு இருக்கா? நீங்கதான் மாத்திரை வாங்கிக் குடுத்தீங்களா?"

நைனா என்னைப் பார்த்தார். பிறகு மேஜையில் கிடந்த மனுவைப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அதுதான் அந்த மனு என்று தெரிந்தது.

"இல்லிங்க சாமி" என்றார். "எனுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. புள்ள பேராசயால புத்தி கெட்டு பண்ட்டான். உண்மதாங்க. சமூகம் பெரிய மனசு பண்ணி மன்னிச்சி வுட்ருங்க."

மனுவில் இருந்த வார்த்தைகள். வரிசைகூட மாறவில்லை. பஸ்ஸில் அவர் உதடு எதற்கு அசைந்தது என்று அப்போது புரிந்தது.

"நைனா" என்றேன்.

"நீ சும்மா கீ" என்றார் என்னிடம். பிறகு தரையில் விழுந்து கும்பிட்டார். எழுதிக்கொண்டிருந்தவர் எழுதுவதை நிறுத்தாமல் காலை மட்டும் நாற்காலிக்கு உள்ளே இழுத்துக்கொண்டார்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான் பொய் சொல்லி அப்பாவையும் சாட்சிக்கு இழுத்தேன், அந்தக் கிழவர் பாவம் உண்மையைச் சொல்லிவிட்டார் என்று நினைத்திருப்பார். வேறு எப்படி நினைப்பார்?

பேசியிருக்கலாம். இவர் பொய் சொல்கிறார், இவர்தான் வாங்கிக் கொடுத்தார் என்று சொல்லியிருக்கலாம். வாய் இருந்தது. ஆனால் தரையில் கிடந்தவர் எழுந்திருக்க ஒரு கையை ஊன்றிக்கொண்டிருந்தார். ஊன்றிய கையில் நடுவிரல் நகம் கறுத்திருந்தது. அறுப்பில் அடிபட்ட நகம். அது எப்போது அடிபட்டது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். தை மாசமா, அதற்கு முன்னாலா என்று. அதை யோசித்து முடிப்பதற்குள் எங்களை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள்.

அரை மணி நேரத்தில் கூப்பிட்டார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டதாலும், ஏழைத் தகப்பனின் நேர்மையைக் கருதியும், இரண்டு வருடத் தடை ஒரு வருடமாகக் குறைக்கப்படுகிறது. நடுவில் இருந்தவர் நல்ல குரலில் வாசித்தார். வாசித்துவிட்டு நைனாவைப் பார்த்துப் புன்னகை செய்தார். நைனா மறுபடி விழப்போனார். நான் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

திரும்பும் பஸ்ஸில் நைனாவுக்கு ஜன்னல் சீட். மல்லாட்டை வாங்கி என் கையில் பாதிக் கடலையைக் கொட்டினார்.

"ரெண்டுல ஒண்ணு போயே பூட்ச்சி பாத்தியா?"

"ஆமா நைனா."

"மாத்திரைய பத்தி கேட்டானே, எனுக்குத் திக்குன்னு பூட்ச்சி. மாட்டி வுடப் பாக்கறான்னு தெரிஞ்சிக்கினேன். கம்பவுண்டரு பேர நான் வாயே தொறக்கலயே. நான் பேசனது சரிதான?"

"சரிதான் நைனா."

"எங்கியும் தப்பு வுடலியே?"

"ஒரு எழுத்து கூட வுடல."

அவருக்குச் சந்தோஷம். தாம்பரம் தாண்டுவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். எனக்குக் கோபம் வர வேண்டும் என்று தோன்றியது. வரவழைத்துப் பார்த்தேன். செங்கல்பட்டு ஏரி வரைக்கும் முயற்சி பண்ணினேன். வரவில்லை. மல்லாட்டை தின்றேன். தோலை ஜன்னலுக்கு வெளியே போட வேண்டுமென்றால் அவரைத் தாண்டிக் கையை நீட்ட வேண்டும், அவர் விழித்துக்கொள்வார். அதனால் தோலையெல்லாம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

திங்கட்கிழமை தொழிற்சாலைக்குப் போனேன். மேனேஜர் தீர்ப்பை இரண்டு முறை படித்தார். மனுவின் நகலையும் அதோடு அனுப்பியிருந்தார்கள். அதையும் படித்தார்.

"இத யாரு எழுதனது?"

"எங்க ஊர்ல ஒருத்தரு சார்."

"உள்ள வந்து சொன்னது உங்கப்பாவா?"

"ஆமா சார்."

"சொந்த அப்பாதானா?"

"விசாரிச்சித்தான் சார் சொல்லணும்."

இருவரும் சிரிக்கவில்லை. அதைச் சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம். இதுமாதிரி பேச்சுகள் அதற்குப் பிறகும் என் வாயிலிருந்து வந்துகொண்டுதான் இருந்தன. முடி வளர்வது மாதிரி, நகம் வளர்வது மாதிரி.

கேட் பாஸைத் திருப்பிக் கொடுத்தேன். பூட்ஸும் கம்பெனியுடையது. அதையும் கொடுத்தேன். என் நம்பர் போட்ட பனியனை ஸ்டோர் கீப்பர் உதறிப் பார்த்து, அக்குளில் கிழிந்திருப்பதை ரிஜிஸ்டரில் குறித்துக்கொண்டார். லிஸ்ட் சித்திரையில் வந்தது. என் இடத்தில் பெரம்பூர் பையன் ஒருத்தன். நல்ல ஆட்டக்காரன். நானே அவனுக்குக் கார்னர் அடிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

ஊரில் பத்து நாள் வரை நைனாவிடம் சொல்லவில்லை. லீவு என்றேன். பதினோராம் நாள் அவரே கேட்டார். "எப்பத்தான்டா லீவு முடியும்?"

"வேல போச்சி நைனா."

"ஏன்? அதான் மன்னிச்சிட்டாங்களே?"

"மன்னிச்சது அவங்க. வேல குடுக்கறது இவங்க. ஒரு வருசமா இருந்தாலும் ரெண்டு வருசமா இருந்தாலும் வேல கெடையாது. இழுப்பு மாத்திரதான்னு ஒத்துக்கினு தண்டனைய மொத்தமா எடுத்திருந்தாத்தான் வேல."

நான் சொன்னதில் தன் பங்கு எது என்று நைனாவுக்குத் தெரிந்ததா இல்லையா, அவர் முகத்தை வைத்து என்னால் சொல்ல முடியவில்லை. இன்றுவரை தெரியாது. நானும் கேட்டதில்லை. கேட்டால் தெரிந்துவிடும். அது எனக்கு வேண்டாம்.

கொஞ்ச நேரம் கழித்துத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வா" என்றார்.

"எங்க?"

"கம்பெனிக்காரனுக்கு ஒரு மனு போடுவோம். அங்க பாதி வாங்கிக் குடுத்தவரு இங்க வாங்கிக் குடுக்க மாட்டாரா?"

போனேன். வேண்டாம் என்று சொல்லவும் அதற்குரிய காரணம் சொல்லவும் வேண்டியிருக்குமே, அதைவிட நடப்பது சுலபமாக இருந்தது. மனு எழுதுகிறவர் எங்களைப் பார்த்ததும் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். பாதி தண்டனை குறைந்த கதை அவருக்கு முன்பே எட்டியிருந்தது. டீக்கடைக்காரரிடம், "இந்தத் தம்பிக்குத்தான்" என்று காட்டினார். நைனா அவருக்கு டீ சொன்னார்.

அட்டையில் புதுத் தாளைச் செருகினார். தேதி போட்டார். கம்பெனி முதலாளிக்கு நாலு வரியில் வணக்கம் எழுதினார். பிறகு நிறுத்தி, கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

"இதுக்கு இன்னா தப்பு போடலாம்?"

நைனாவும் என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் காத்துக்கொண்டிருந்தார்கள். என் வாயிலிருந்து ஏதாவது வரும் என்று நானும் காத்திருந்தேன். வரவில்லை.

அட்டையை அவர் தொடையிலிருந்து என் பக்கம் திருப்பி, பேனாவையும் வாங்கி, தாளின் அடியில் என் கையெழுத்தைப் போட்டேன். நடுவில் முக்கால் தாள் வெள்ளையாக இருந்தது. "நீங்களே பாத்து ஒண்ணு போட்டுக்குங்க" என்று பேனாவை அவர் கையில் கொடுத்தேன்.

"பையன் தெளிஞ்சிக்கினான்" என்றார் அவர் நைனாவிடம், எழுதத் தொடங்கியபடி.